சாப்பாடு கொடுத்தாயிற்று, இனி மாணவர்கள் என்ன செய்யலாம்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “2024 டிசம்பரில் ரோஹிங்யா மக்கள் வந்தபோது நாங்கள் சிலர் சேர்ந்து உடுப்பு, பால்மா, பிஸ்கட் கொண்டுபோனோம். இரண்டு மூன்று நாளில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு எங்கள் வேலையும் முடிந்தது. அடுத்த வள்ளம் வந்தால் இதைவிட உருப்படியாக என்ன செய்யலாம்? இவர்களைத் தடுத்து வைப்பது பிழை என்று மாணவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் சிக்கல் வருமா? வீட்டில் ‘எங்கட சனத்துக்கே ஒன்றும் இல்லை, உனக்கேன் இந்த வேலை’ என்று ஏசுகிறார்கள்.”

பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உப்புவெளிக்காரன். 2000களில் சில வருடம் பிரித்தானியாவில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு குடிவரவுத் தடுப்பு நிலையத்துக்கு ஆட்களைப் பார்க்கப் போவேன். கீழே சொல்வதில் பாதி அங்கே படித்தது.

முதலில் நடந்ததைச் சரியாக வைத்துக்கொள்வோம், ஊரில் இப்போதே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 2024 டிசம்பர் 19 அன்று முள்ளிவாய்க்கால் கடலில் மியன்மாரின் ரோஹிங்யா முஸ்லிம்களோடு ஒரு ட்ரோலர் தத்தளிப்பதை மீனவர்கள் கண்டார்கள். கடற்படை அதை அடுத்த நாள் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அஷ்ரப் இறங்குதுறையில் ஆட்களை இறக்கியது. மொத்தம் 115 பேர், நிறையக் குழந்தைகள். ஜமாலியா முஸ்லிம் மகா வித்தியாலயத்தில் தங்கவைத்தார்கள். வள்ளத்தை ஓட்டியவர்கள் என்று 12 பேரைப் பிரித்து விளக்கமறியலில் வைத்தார்கள். மீதி 103 பேரை மிரிஹானத் தடுப்பு முகாமுக்கு அனுப்புவதாக இருந்து, கடைசியில் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் கொண்டுபோய் விட்டார்கள்.

“அடுத்த வள்ளம் வந்தால்” என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. இது ஒருமுறை தவறி நடந்த விஷயம் இல்லை. 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக் கடலில் 104 பேரோடு ஒரு வள்ளம் மீட்கப்பட்டது. 2013 பெப்ரவரியில் கிழக்குக் கடலில் மீட்கப்பட்ட ஒரு வள்ளத்தில், வழியிலேயே பட்டினியாலும் தாகத்தாலும் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் செத்து, உடல்களைக் கடலில் போட்டுவிட்டு வந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். காரணம் விளங்காத ஒன்றில்லை. 1982 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மியன்மார் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 2017 ஓகஸ்டுக்குப் பிறகு மட்டும் 7 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அங்கே கொக்ஸ் பஜார் முகாம்களில் ஓர் ஆளுக்கு மாதம் 12 டொலராக இருந்த உணவு உதவி 2023 இல் 8 டொலராக வெட்டப்பட்டது. அப்புறம் என்ன, மலேசியா, இந்தோனேசியா என்று வள்ளம் ஏறுகிறார்கள். வங்கக் கடலில் எஞ்சின் நின்றால் வாடைக்காற்றும் நீரோட்டமும் மேற்கே, எங்கள் பக்கமாகத் தள்ளும். எங்கள் மீனவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2023 இல் மட்டும் அந்தமான் கடலிலும் வங்கக் கடலிலும் 569 ரோஹிங்யாக்கள் இறந்தோ காணாமலோ போனார்கள் என்பது ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் கணக்கு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜமாலியாவில் இருந்த நாட்களில் அவர்களை ஊர் பார்த்தது. எத்தனை பேர், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று வாசலில் நின்றவர்களுக்கே தெரிந்திருந்தது. கேப்பாப்பிலவுக்குப் போன அடுத்த நாளிலிருந்து வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. டிசம்பர் 26 அன்று மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகள் பார்க்கப் போனபோது அவர்களையே உள்ளே விடவில்லை. குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமாம். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், தடுத்து வைக்கப்பட்டவர்கள் இருக்கும் இடங்களை ஒழுங்காகப் போய்ப் பார்க்கும் அதிகாரத்தை அந்த ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறது. அதற்கே அந்த நிலை என்றால் பிஸ்கட் பெட்டியோடு போகும் மாணவருக்கு என்ன நடக்கும்?

தடுப்பு முகாமில் அடி உதை இருந்தால்தான் கொடுமை என்று நினைக்கிறோம். சாப்பாடு நேரத்துக்கு வரலாம், கட்டில் இருக்கலாம், காவலர் நல்லவராகக்கூட இருக்கலாம். ஆனால் எத்தனை நாள் என்று தெரியாது. குற்றவாளிக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒரு கணக்கு உண்டு. சுவரில் கோடு போட்டு எண்ணலாம். இவர்களுக்கு அந்தக் கோடும் இல்லை. கூடவே வெளியே உள்ளவர்கள் மெல்ல மெல்ல மறந்துவிடுவார்கள். ஆகவே தொண்டர் வேலையின் மையம் பால்மா இல்லை. பெயரையும் எண்ணிக்கையையும் தவறவிடாமல், பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

கேப்பாப்பிலவு என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். 2017 இல் பிலக்குடியிருப்பு மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, தங்கள் காணியை விடச் சொல்லி ஒரு மாதம் இரவு பகலாக அந்த விமானப்படை முகாம் வாசலில்தான் கிடந்தார்கள். மார்ச் 1 அன்று காணி கிடைத்தது. வாசலில் ஆட்கள் தினமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடக் கிட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது.

சொற்களையும் கவனியுங்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முள்வேலிக்குள் இருந்தபோது அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நலன்புரி நிலையம். கிளிவெட்டியில் சம்பூர்ச் சனம் வருடக்கணக்கில் தகரக் கொட்டிலில் கிடந்ததற்கு இடைத்தங்கல் முகாம் என்று பெயர். 2006 இல் ஊரைவிட்டு ஓடிய அவர்களின் “இடைத்தங்கல்” 2015 வரையாவது இழுத்தது. அதனால் “அவர்களைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கிறோம்” என்று யாராவது சொன்னால், கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

சரி, மாணவர்கள் இதில் எங்கே வருகிறார்கள்? பிரித்தானியாவில் 1994 இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக மாணவர்கள் அகதிகளுக்காக ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பரவியது. அவர்கள் செய்தது பெரும்பாலும் சின்ன வேலைகள்: வாரம் ஒருநாள் ஆங்கில வகுப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், புகலிடக் கோரிக்கையாளர்களும் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கேட்பது. ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் கம்ப்ஸ்ஃபீல்ட் என்ற தடுப்பு நிலையம் 1993 இல் திறந்தது. நகரத்து மக்களும் மாணவர்களும் வருடக்கணக்காக அதன் வாசலில் கூடி மூடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018 இல் மூடினார்கள். 2022 இல் மறுபடி திறப்போம் என்று அறிவித்தார்கள், அது வேறு கதை. அந்த நாட்டில் குடிவரவுத் தடுப்புக்கு இன்றுவரை காலவரையறை கிடையாது. இத்தனை வருடம் கத்தியும் அந்த ஒரு சட்டத்தை மாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களை ஏமாற்றுவதாகிவிடும்.

நான் போனது வேறொரு நிலையம். வாசலில் கைரேகை, சட்டைப்பை சோதனை, பிறகு பிளாஸ்டிக் கதிரைகள் போட்ட ஒரு மண்டபம். கூட வந்த பிள்ளைகளுக்கு மூன்று கட்டுப்பாடு இருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்கக்கூடாது; அதை அந்த ஆள் ஏற்கெனவே பத்து அதிகாரிகளிடம் சொல்லிச் சலித்திருப்பார். சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. பதிவில்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். வருகிறேன் என்று சொன்ன நாளில் வரவேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கத்துப் பொடியன் ஒருவன், இருபத்திரண்டு வயதிருக்கும். நான் திருமலை என்றதும் அவன் கேட்டது வழக்கைப் பற்றி இல்லை, ஊரில் மழை பெய்கிறதா என்று. அந்தச் சந்தோஷத்தில் நான் உளறிவிட்டேன்: “யோசிக்காதை, அடுத்த மாதம் வெளியில வந்திடுவாய்.” வழக்கறிஞர் சொன்னதை நான் பாதிதான் விளங்கிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து, இரவோடு இரவாக அவனை நாட்டின் மறு மூலையில் உள்ள நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். தொலைபேசியில் அவன் என்னை ஏசவில்லை. அடுத்தமுறை எடுத்தபோது பேச விருப்பமில்லை என்று சொல்லியனுப்பினான். நல்லது நடக்கும் என்று வாக்குக் கொடுப்பது தொண்டருக்கு இன்பம், கேட்பவருக்கு நஞ்சு. உங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவையுங்கள்.

சிக்கல் வருமா என்ற கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கை 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் அகதி என்ற சொல்லுக்கே எங்கள் சட்டத்தில் இடமில்லை. விசா இல்லாமல் வந்தவர் எல்லாம் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் கீழ்தான் வருவார். (அதே வருடத்தின் 18 ஆம் இலக்கச் சட்டம்தான் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். நாடற்றவன் என்றால் என்ன என்று ரோஹிங்யாக்கள் வந்துதான் நாங்கள் அறியவேண்டும் என்றில்லை.) ஆனால் 1994 இல் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை சேர்ந்தது. அதன் 3 ஆம் உறுப்புரை, சித்திரவதைக்கு ஆளாகும் இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. 1991 இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. முகாமில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அது பொருந்தும், கடவுச்சீட்டு எந்த நாட்டினதாக இருந்தாலும், இல்லாவிட்டாலும்.

அரசியலமைப்பை ஒருமுறை கையில் எடுத்து 11, 12, 13, 14 ஆம் உறுப்புரைகளை வரிசையாக வாசியுங்கள். சித்திரவதைக்கு எதிரான 11 உம், சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய 12(1) உம் “ஆட்கள்” எல்லோருக்கும் உரியவை. பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம் பற்றிய 14 “பிரஜை”க்கு மட்டும். காரணமில்லாமல் கைது செய்வதைத் தடுக்கும் 13 ஆம் உறுப்புரையும் எல்லா ஆட்களுக்கும் உரியது. ஆனால் அதன் 7 ஆம் பந்தியில் ஒரு கொக்கி இருக்கிறது. குடிவருவோர் சட்டத்தின் கீழ் அகற்றும் கட்டளையோ நாடுகடத்தும் கட்டளையோ போட்டுத் தடுத்து வைத்தால், அது இந்த உறுப்புரையை மீறியதாகாது. தடுப்பை எதிர்க்கிறவர்கள் மோதவேண்டிய சுவர் அந்தச் சின்னப் பந்தி. சட்டபீட மாணவர்கள் யாராவது இதை ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்தால் நல்லது.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விஷயம் வருகிறது. தடுத்து வைக்காதே என்று பதாகை பிடிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அவர்களுக்கு இல்லை. எனவே போராட்டத்தில் அவர்களை முன்னுக்கு நிறுத்தி, குழந்தையைத் தூக்கிவைத்துப் படம் எடுக்கும் வேலை வேண்டாம். விளைவு வந்தால் அது அவர்கள் தலையில்தான் விடியும். மற்றது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. அவசர இலக்கம் 1996. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டை நல்ல தமிழில், திகதியோடு, பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுப்பது ஒரு மாணவர் செய்யக்கூடிய மிகப் பெறுமதியான வேலை. “மனிதாபிமானமற்ற செயல்” என்று பத்து முறை எழுதுவதைவிட “23 ஆம் திகதி காலை 9 மணிக்கு இரண்டு பஸ்களில் ஏற்றினார்கள், அதில் இத்தனை குழந்தைகள்” என்ற ஒரு வரி வழக்கறிஞருக்குப் பயன்படும்.

அந்த 12 பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்கடத்தல்காரர் என்றதும் அவர்களுக்காகப் பேச ஆளில்லாமல் போகிறது. கடத்தல்காரர் இருக்கிறார்கள்தான், பணம் கறக்கிறார்கள்தான். ஆனால் சுக்கான் பிடித்தவன் பலசமயம் கட்டணம் குறையும் என்பதற்காக அந்த வேலையை ஏற்ற இன்னொரு அகதி. எங்கள் ஆட்களுக்கும் இதே நடந்தது. 2009 இல் ஓஷன் லேடி கப்பலில் 76 தமிழர் கனடா போனபோது கப்பல் ஓட்டியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 2015 இல் கனடா உச்ச நீதிமன்றம், அகதிகள் ஒருவருக்கொருவர் உதவுவதையும் மனிதாபிமான உதவியையும் குற்றமாக்கும் அளவுக்கு அந்தச் சட்டம் விரிந்திருப்பது செல்லாது என்றது. உதவுகிற மாணவருக்கும் அந்த வாதம் நாளை தேவைப்படலாம்.

இனி எச்சரிக்கை. 2017 செப்டம்பரில் கல்கிசையில் ஐ.நா. பொறுப்பில் ஒரு வீட்டில் இருந்த ரோஹிங்யாக்களை, பிக்குகள் தலைமையில் வந்த கும்பல் சுற்றிவளைத்தது. கடைசியில் அகதிகளைத்தான் பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள், பாதுகாப்புக்காகவாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கான் அகதிகள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். குண்டு வைத்தவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர்களில் பலர் அதே மாதிரித் தாக்குதலுக்குப் பயந்து ஓடிவந்த அஹ்மதியா முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். சிலரை வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவர, அங்கேயும் எதிர்ப்பு. இந்த இரண்டிலும் படிக்க வேண்டியது: இருக்கும் இடத்தை, முகத்தை, பெயரைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். ஏதாவது இடத்தில் தங்கவைக்கப் போகிறார்கள் என்றால், அங்குள்ள பள்ளிவாசல், கோயில், கிராம அலுவலர், கடைக்காரர் எல்லோரிடமும் முதலே போய்ப் பேசுங்கள். வதந்தி உங்களைவிட வேகமாகப் போகும். 2025 ஜனவரியில் இன்னும் ஒரு இலட்சம் பேர் வரப்போகிறார்கள் என்று அமைச்சரே சொன்னபோது பயப்படாத ஊர் உண்டா?

வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கையில் இருக்கிறது. 2022 இல் வந்தவர்களை முதலில் மிரிஹானவில் வைத்துவிட்டு, பிறகு ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு கொழும்புக்குத் தெற்கே வீடுகளில் இருக்க விட்டார்கள். நாடு முழுகிவிடவில்லை. ஆனால் 1987 முதல் இங்கே இருந்த அந்த முகவரகம் இப்போது தன் வேலையை மிகவும் சுருக்கிவிட்டது. அந்த இடைவெளிக்குள்தான் நீங்கள் வருகிறீர்கள்.

வீட்டில் ஏசுவதற்கு நான் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. காணாமல் போனவர்களின் அம்மாமார் இன்னும் வீதியில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 2021 ஒக்டோபரில் 89 தமிழர் போன ஒரு வள்ளம் பழுதாகி, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவின் தீவான டியாகோ கார்சியாவில் ஒதுங்கியது. மூன்று வருடம் வேலிக்குள் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். யாரோ முன்பின் தெரியாத வழக்கறிஞர்கள் விடாமல் வழக்காடினார்கள். அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது 2024 டிசம்பர் 16. மூன்று நாள் கழித்து, 19 ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் ரோஹிங்யா வள்ளம். அவுஸ்திரேலியாவில் பிலோயலா என்ற சிற்றூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 இல் விடியுமுன் வந்து பிடித்துப் போனார்கள். அந்த ஊர்ச் சனம், பெரும்பாலும் வெள்ளைக்காரர், நாலு வருடம் ஓயவில்லை. 2022 இல் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. என் பெரியம்மா குடும்பம் 1990 இல் போய் இன்னும் தமிழ்நாட்டு முகாமில்தான். 2021 இல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்கள் அதே ஆட்கள். அந்தக் காலத்தில் எங்களுக்காக ஓடித்திரிந்தவர்களின் வீட்டிலும் யாராவது ஏசியிருப்பார்கள்.

கடைசியாக, இப்போதே தொடங்கக்கூடிய ஒன்று. ரோஹிங்யா மொழி சிட்டகாங் பக்கத்து வங்காளத்துக்கு நெருக்கமானது. முன்பு மலேசியாவில் இருந்தவர்களுக்கு மலாய் தெரிந்திருக்கும், சிலருக்கு உருது. திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உருது தெரிந்த மௌலவிமார், மலேசியாவில் வேலை செய்து திரும்பியவர்கள், வங்கதேசத்தில் மருத்துவம் படித்தவர்கள் யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், அவர்களைக் கேட்டுக்கொண்டுதான். பெண்களுக்குப் பெண்கள் வேண்டும். கர்ப்பிணியின் வருத்தத்தை அவளுடைய எட்டு வயது மகன் மொழிபெயர்க்கக் கூடாது. குடும்பத்தைத் தேடிக் கொடுக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது, அவர்களோடு ஒருமுறை போய்ப் பேசிவையுங்கள். வாடை தொடங்க முதல், கார்த்திகைக்குள், இந்தக் கொப்பி தயாராக இருக்கட்டும்.